ஓடில்லாத முட்டையும் விரித்த குடைகளும்: என் விஞ்ஞான ரீச்சருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ரீச்சருக்கு,

முத்திரை ஒட்டி உங்கள் வீட்டுக்கே இதை அனுப்பியிருக்கலாம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் அதே ஒழுங்கையில்தான் இன்னமும் இருக்கிறீர்கள் என்று கேள்வி. ஆனால் தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களும், பிள்ளைகளை ரியூசனுக்கு ஏற்றி இறக்கிக்கொண்டு திரிகிற பெற்றோரும் இதைப் படித்தால் நல்லது என்று பட்டது. அதனால்தான் திறந்த மடல். உங்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் "என்னத்துக்கு இந்த விளம்பரம்?" என்று கேட்பீர்கள். கொட்டாஞ்சேனையில் உங்களிடம் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று நாலைந்து பந்திக்குள் விளங்கிவிடும்.

நன்றி சொல்ல வந்தது ஒரேயொரு பாடத்துக்கு: பிரசாரணம். நெம்பு, காந்தம், அமிலம், காரம் எல்லாம் நீங்கள்தான் படிப்பித்தீர்கள். அவற்றை வேறு யாரிடம் படித்திருந்தாலும் எனக்கு ஏறக்குறைய இதே அளவுதான் தெரிந்திருக்கும். பிரசாரணம் அப்படியல்ல. மற்ற வகுப்புகளில் பாடம் தொடங்கியதுமே வரைவிலக்கணம் கரும்பலகைக்கு வந்துவிடும்: செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்குப் பங்கூடுபுகவிடும் மென்சவ்வினூடாக நீர் மூலக்கூறுகள் செல்லுதல். கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனையால் அடிக்கோடிட்டு, பாடமாக்கி, சோதனைத் தாளில் இறக்கிவைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது. நீங்களோ அந்த வரியைக் கடைசி நாள் வரை எழுதவேயில்லை. எழுதியபோது அது எங்களுக்குப் புதினமாகவும் இருக்கவில்லை. இவ்வளவு நாளும் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுக்குப் பெயர் வைத்தது போலத்தான் இருந்தது.

1990களின் நடுப்பகுதி அது. எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் என்று ஓர் அறை இருந்தது. அதற்குப் பூட்டும் இருந்தது. திறப்பு யாரிடம் என்பது மட்டும் ஒருநாளும் நிலையாக இருந்ததில்லை. நுணுக்குக்காட்டி கண்ணாடி அலுமாரிக்குள், திருவிழாவுக்கு மட்டும் வெளியே எழுந்தருளும் உற்சவமூர்த்தி போல வீற்றிருந்தது. அதற்காக நீங்கள் யாருடனும் சண்டை பிடித்ததாக நினைவில்லை. ஒரு சீலைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு 155 பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். அவ்வளவுதான்.

வெள்ளவத்தையில் வாங்கிய கங்குன் கட்டு, பம்பலப்பிட்டி, மருதானை என்று சுற்றிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்வதற்குள் வாடிப்போயிருக்கும். வாடினால்தான் நல்லது என்பீர்கள். முதல் நாள் வேலையே வாடியதைத் தண்ணீரில் போட்டு நிமிர வைப்பதுதானே. பிறகு ஒரு தண்டை நெடுக்காகக் கீலம் கீலமாகக் கிழித்துத் தட்டுத் தண்ணீரில் விட்டீர்கள். எங்கள் கண்முன்னாலேயே ஒவ்வொரு கீலமும் வெளிப்புறமாக வளைந்து சுருண்டது. வெளித்தோல் மெழுகுப் பூச்சுடையது, அது இலேசில் நீளாது. உள்ளேயிருக்கும் மெல்லிய சுவர்க் கலங்கள் தண்ணீரை எடுத்துப் பருக்கின்றன. ஒரு பக்கம் நீள, மறுபக்கம் நீளாமல் நிற்க, தண்டு வளையாமல் என்ன செய்யும்? இதையெல்லாம் நீங்கள் அன்றைக்குச் சொல்லவில்லை. சுருண்ட கீலத்தைத் தூக்கி உப்புத் தண்ணீரில் போட்டீர்கள். அது சுருள் அவிழ்ந்து துவண்டது. மணி அடித்தது. "யோசிச்சுக்கொண்டு வாங்கோ" என்று பையைக் கட்டிவிட்டீர்கள்.

அந்தப் பையைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. பஸ்ஸை மறித்து, ஆட்களை இறக்கி, அடையாள அட்டையும் பையும் பார்ப்பார்கள். அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் பைக்குள் வெள்ளைத் தூள் இரண்டு பொதியும், மூக்கைத் துளைக்கும் திரவம் ஒரு போத்தலும் வைத்துக்கொண்டு பயணம் செய்வது சின்ன விஷயமல்ல. தூள் உப்பும் சீனியும்தான், திரவம் வினாகிரிதான் என்றாலும், அதை நம்ப வேண்டியவர் நாங்கள் அல்லவே. ஒருநாள் சீருடைக்காரர் ஒருவர் ஓடு கழன்ற முட்டை கிடந்த போத்தலைத் தூக்கிப் பிடித்து "மே மொக்கத?" என்று கேட்டாராம். "பித்தரயக்" என்றீர்களாம். முட்டை என்றால் கோது எங்கே என்று அவர் திருப்பிக் கேட்க, பஸ் முழுக்கக் காத்திருக்க, உங்கள் அரைகுறைச் சிங்களத்தில் வினாகிரி கோதைக் கரைத்த கதையைச் சொன்னீர்களாம். "கடைசியில அந்தப் பெடியன் தானும் வீட்டை போய்ச் செய்து பாக்கப் போறன் எண்டவன்" என்றீர்கள். பயந்தனீங்களா ரீச்சர் என்று ஒருத்தி கேட்டதற்கு, "முட்டை உடைஞ்சிடுமோ எண்டு பயந்தனான்" என்று சொல்லிவிட்டு வரவு இடாப்பை விரித்தீர்கள்.

அந்த முட்டைதான் எங்களைப் பிடித்தது. வினாகிரிக்குள் விட்டதும் கோதெல்லாம் குமிழி. கோது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலம் அதைக் கரைக்க, காபனீரொட்சைட்டு நுரைத்து வெளியேறுகிறது. ஒன்றிரண்டு நாளில் கோது முழுக்கப் போய், வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சட்கரு அசைவது தெரிய, மென்சவ்வு மட்டும் போர்த்திய முட்டை மிஞ்சும். அதன் இடுப்பைச் சுற்றி நூல் பிடித்து, நூலை அடிமட்டத்தில் வைத்து அளந்து எழுதினோம். பிறகுதான் கேள்வி வந்தது. "இதைக் கித்துள் பாணிக்குள்ள விட்டா என்ன நடக்கும்? ஆளாளுக்கு எழுதி மடிச்சு என்னட்டத் தாங்கோ. பக்கத்தில எட்டிப் பாக்கக் கூடாது."

வந்து சேர்ந்த துண்டுகளில் அரைவாசிக்கு மேல், முட்டை பருக்கும் என்றுதான் சொல்லின. பாணி தடிப்பானது, இனிப்பானது, எப்படியும் உள்ளே புகுந்துவிடும் என்ற நம்பிக்கை. ஒரு துண்டில் "முட்டை இனிக்கும்" என்று இருந்தது. அதையும் சிரிக்காமல் வாசித்தீர்கள். அடுத்த நாள் போத்தலைத் திறந்தால் முட்டை சப்பளிந்து, தோல் தொளதொளத்துக் கிடந்தது. பருக்கும் என்று எழுதியவர்கள் யார் என்று நீங்கள் கேட்கவில்லை. "அப்ப உள்ளுக்கிருந்த தண்ணி எங்க போனது?" என்றுதான் கேட்டீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு கரண்டியால் பாணியின் மேற்பகுதியை அள்ளிச் சாய்த்தீர்கள். தண்ணீராக ஓடியது. அடியிலிருந்து அள்ளிச் சாய்த்தீர்கள். பழைய பாணி, இழுபட்டு இறங்கியது. வகுப்பு முழுக்க அந்தக் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீங்கள் சொன்னதை நான் இன்றைக்கும் வேலையிடத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: "உப்பைப் பாக்காதேங்கோ, சீனியைப் பாக்காதேங்கோ பிள்ளையள். தண்ணியைப் பாருங்கோ."

என் நன்றியின் மையம் இதுதான் ரீச்சர். பிரசாரணத்தில் பிள்ளைகள் இடறுகிற இடமும் இதுதான். உப்பு தண்ணியை இழுக்கும் என்று நாங்கள் எல்லோரும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். பாவற்காய்க்கு உப்புப் பிசறி வைத்து, ஊறிய கைச்சல் தண்ணீரைப் பிழிந்து ஊற்றும் அம்மாமார் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். குசினிக்கு அது போதும். ஆனால் உப்புக்கு ஏதோ கை முளைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை மேல் வகுப்புக்குப் போனால், வேரும் விளங்காது, சிறுநீரகமும் விளங்காது, எல்லாம் பாடமாக்கல்தான்.

அந்தக் கையை எங்கள் தலைக்குள்ளிருந்து வெட்டி எறிந்தது ஒரு மழை நாள். எல்லோரிடமும் குடை இருந்த நாள். வாங்குகளை வகுப்பின் நடுவே குறுக்காக அடுக்கி, ஒருவர் மட்டும் நுழையக்கூடிய இடைவெளிகள் விட்டீர்கள். இந்தப் பக்கம் இருபது பேர், வெறுங்கையோடு. அந்தப் பக்கமும் இருபது பேர், அவர்களில் பத்துப் பேர் விரித்த குடையோடு. "குடைக்காரர் சீனி. மற்ற ஆக்கள் தண்ணி. ஒருத்தரும் ஒரு பக்கத்தையும் விரும்பக் கூடாது. சும்மா நடவுங்கோ, இடைவெளி முன்னுக்கு வந்தா அங்கால போங்கோ." கை தட்டினால் நிற்க வேண்டும், தலை எண்ண வேண்டும். விரித்த குடை இடைவெளியால் போகாது. வெறுங்கைக்காரர் இரண்டு பக்கமும் அலைந்தார்கள். சில கைதட்டல்களுக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொரு பக்கத்திலும் பதினைந்து பேர் அளவில் வந்துநின்றார்கள். குடைகளையும் சேர்த்து எண்ணினால் அந்தப் பக்கம் இருபத்தைந்து, இந்தப் பக்கம் பதினைந்து.

யாரும் யாரையும் இழுக்கவில்லை. ஒரு குடை கூட இடைவெளியைத் தாண்டவில்லை. ஆனாலும் குடைப் பக்கம் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் நடை நிற்கவில்லை என்பதைத்தான் நீங்கள் குறிப்பாகக் காட்டினீர்கள். போகிற ஆட்களும் வருகிற ஆட்களும் ஒரே அளவானதால் எண்ணிக்கை மாறவில்லை, அவ்வளவே. சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பு சேர் வாசலில் வந்து நின்று என்ன நடக்கிறது என்று கேட்க, குடைக்குக் கீழிருந்து ஒருவன் "நான் சீனி, சேர்" என்றான். அவர் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்.

பின்னாளில் மருந்தாளர் படிப்புக்குப் போனபோது, இந்த எண்ணிக்கை விளக்கம் முழுமையானதல்ல என்று தெரிந்தது. மென்சவ்வில் கரையத் துணிக்கைகள் பட்டுத் திரும்புவது, அமுக்கம் என்று கணக்கு இன்னும் ஆழமாகப் போகிறது. போகட்டும். அந்த வயதுக்கு அந்தக் குடைகள் தாராளம். அதோடு, புத்தகப் படங்களில் இலேசில் பிடிபடாத ஒன்று அந்த விளையாட்டில் இருந்தது: குடை கறுப்பா பூப்போட்டதா என்பது பொருட்டில்லை, எத்தனை குடை என்பதுதான் பொருட்டு. ஒல்லாந்து நாட்டு வான்ற் ஹொஃப் 1880களில் கண்டு சொன்னதும் அதுவே. 1901இல் இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு அவருக்குப் போனதற்குப் பிரசாரண அமுக்கம் பற்றிய அந்த ஆய்வும் காரணம். ஆஸ்பத்திரியில் தொங்கும் இரண்டு வகை சேலைன் போத்தல்களைப் பாருங்கள். ஒன்றில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. மற்றதில் லீற்றருக்கு 50 கிராம் குளுக்கோசு. நிறையில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனாலும் பிரசாரணக் கணக்கில் இரண்டும் குருதிக்கு ஏறத்தாழச் சமம். குளுக்கோசு மூலக்கூறு பெரிது. உப்போ கரையும்போது இரண்டு அயன்களாகப் பிரிந்துவிடுகிறது. விரிவுரையாளர் இதைச் சொன்னபோது வகுப்பில் பலர் முழித்தார்கள். நான் குடை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உருளைக்கிழங்குக்கு வருகிறேன். அடியைத் தட்டையாக வெட்டி, கீழ்ப்பாதித் தோலைச் சீவி, நடுவில் குழி தோண்டி, குழிக்குள் சீனிக் கரைசல், மட்டத்துக்கு ஒரு குண்டூசி, தட்டில் வெறும் தண்ணீர். அடுத்த நாள் மட்டம் குண்டூசிக்கு மேலே ஏறியிருக்கும். பல வகுப்புகள் இத்தோடு திருப்திப்பட்டுவிடும். நீங்கள் பையிலிருந்து இன்னொரு கிழங்கை எடுத்தீர்கள். வீட்டில் அவித்துக்கொண்டு வந்தது. அதே குழி, அதே சீனி, அதே தண்ணீர். அதில் மட்டம் ஏறவேயில்லை, சீனிதான் கசிந்து தட்டுத் தண்ணீர் பிசுபிசுத்தது.

"அவிச்ச கிழங்கில என்ன குறைஞ்சது?"

உருவம் குறையவில்லை. மாப்பொருள் குறையவில்லை. வகுப்பு தடுமாறியபோது பின் வாங்கிலிருந்து ஒருத்தி, இலேசில் வாய் திறக்காதவள், "உயிர் போட்டுது ரீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். வேறொருவராக இருந்தால் அது விஞ்ஞான விடையல்ல என்று தள்ளிவிட்டுப் போயிருப்பார். நீங்கள் அவளிடம் போய், "சரி, உயிரில எந்தத் துண்டு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் மென்சவ்வு வந்தது ரீச்சர், கரும்பலகையிலிருந்து அல்ல. வெப்பம் கலங்களின் மென்சவ்வைச் சிதைத்துவிட்டால் சீனியைத் தடுத்து வைக்க ஆளில்லை. தடுப்பில்லாத இடத்தில் பரவல் நடக்கும், பிரசாரணம் நடக்காது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்றால் என்ன என்பதை நான் கற்றதும் அந்த அவித்த கிழங்கில்தான். அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டது பிறகு.

வீட்டுவேலையும் விசித்திரமாகத்தான் இருக்கும். "உங்கட வீட்டில தண்ணி இடம் மாறுற விஷயம் ஒண்டு கொண்டுவாங்கோ." ஜம்பட்டா வீதிப் பக்கத்திலிருந்து வந்தவன், நத்தார் கேக்குக்கு வாங்கிய பிளம்ஸைத் தண்ணீரிலும் தடித்த சீனிப்பாகிலும் ஊறவிட்டுக் கொண்டுவந்தான். தண்ணீரில் கிடந்தவை உருண்டு திரண்டிருந்தன. பாகில் கிடந்தவை சுருக்கம் விடாமல் அப்படியே இருந்தன. புறக்கோட்டையில் கருவாட்டு வியாபாரம் செய்தவரின் மகன் ஒரு துண்டு கருவாட்டைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து வகுப்பையே மணக்க வைத்தான். உப்புச் செறிந்த மீனில் விழுகிற பற்றீரியாவுக்கு அதன் சொந்தத் தண்ணீரே நிலைக்காது என்று அன்றைக்கு விளங்கியது. ஹற்றனிலிருந்து வந்து உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவள், காலில் ஏறும் அட்டைக்கு உப்புப் போடும் கதை சொன்னாள். நான் கொச்சிக்கடைப் பக்கம் வண்டிலில் வாங்கிய அன்னாசியைக் கொண்டுபோனேன். வெட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருவார்களே, அதுதான். வாங்கும்போது துண்டுகள் உலர்வாக இருந்தன. வகுப்புக்கு வந்தபோது பைக்குள் சிவந்த சாறு தேங்கி நின்றது. அளந்து பார்க்கச் சொன்னீர்கள். அளந்த பிறகு குடிக்கலாமா என்று கேட்டதற்கு, ஆய்வுகூடச் சட்டப்படி கூடாது, ஆனால் இது ஆய்வுகூடம் இல்லையே என்றீர்கள்.

எது பிரசாரணம் இல்லை என்று காட்டியதற்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒரு சொல்லைப் படித்த மயக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டுவது எங்கள் வயதுக் குணம். சுடுதண்ணீரில் தேயிலைச் சாயம் படர்வதைப் பிரசாரணம் என்றான் ஒருவன். "மென்சவ்வைக் காட்டு" என்றீர்கள். அது வெறும் பரவல்தான். கடலில் கனநேரம் குளித்தால் விரல் நுனி சுருங்குவது பிரசாரணம் என்று இன்னொருத்தி அடித்துச் சொன்னாள். கையில் நரம்பு பழுதடைந்தவர்களுக்கு அந்த விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள் என்று நீங்கள் சொன்னபோது வகுப்பே தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. நரம்பின் ஏவலால் குருதிக்கலன்கள் ஒடுங்குவதால் வருவது அந்தச் சுருக்கம். படித்தவர்கள் பலர் இன்றைக்கும் இதைப் பிழையாகச் சொல்லக் கேட்கிறேன்.

அலுமாரித் திறப்பு அகப்பட்ட ஒரு நாளில் றியோ இலையின் ஊதா அடித்தோலை உரித்து நுணுக்குக்காட்டியில் வைத்ததையும் சொல்லாமல் விட முடியாது. உப்புக் கரைசல் ஒரு துளி. கலச்சுவர் அப்படியே நிற்க, உள்ளேயிருந்த ஊதா சுவரை விட்டு விலகி ஒடுங்கியது. வெறும் தண்ணீர் விட்டதும் திரும்ப விரிந்தது. ஆளுக்குச் சில விநாடிதான் கிடைத்தது. போதும்.

ரீச்சர், நீங்கள் முட்டையோடு பஸ் ஏறிய காலத்துக்குச் சற்று முன்னால், அமெரிக்காவில் பீற்றர் ஏகர் என்பவரும் முட்டையோடுதான் மினக்கெட்டுக்கொண்டிருந்தார். தவளை முட்டை. குளத்துத் தண்ணீரில் கிடந்தாலும் தவளை முட்டை ஊதிப் பெருப்பதில்லை. அதன் மென்சவ்வு தண்ணீரை அவ்வளவு இலேசில் விடாது. செங்குருதிக் கலத்தில் தற்செயலாக அகப்பட்ட ஒரு புரதத்தைச் செய்வதற்கான ஆர்என்ஏயை ஏகரின் குழு அந்த முட்டைக்குள் செலுத்தி, வெறும் தண்ணீரில் விட்டது. முட்டை பருத்து வெடித்தது. தண்ணீருக்கென்றே தனி வாசல் இருப்பது 1992இல் இப்படி நிரூபணமானது. 2003இல் நோபல் பரிசும் வந்தது. அதற்கு முன்னால், 1748இல், பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் மதுசாரம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தோல் புடைத்தெழுவதைப் பார்த்தார். எல்லாமே வீட்டுச் சாமான். அந்தச் செய்தியைப் படித்தபோது உங்கள் சீலைப் பைக்கு ஒரு வம்சாவளி கிடைத்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

இப்போது நான் கொழும்பில் மருந்தாளராக இருக்கிறேன். வயிற்றோட்டத்தோடு வரும் குழந்தைகளின் தாய்மாருக்கு ஜீவனி பைக்கற்றைக் கொடுக்கும்போதெல்லாம் உங்கள் பாடம்தான் நடக்கிறது. பைக்கற்றில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லீற்றரில், முழுத் தூளையும் கரைக்க வேண்டும். பிள்ளை ஒரு லீற்றர் குடிக்காதே என்று சிலர் முழுப் பைக்கற்றையும் ஒரு கோப்பையில் கரைத்துவிடுகிறார்கள். தடிப்பாக இருந்தால் சத்துக் கூட என்ற நினைப்பு. அந்தத் தடித்த கரைசல் குடலுக்குள் போனால் உடம்பிலுள்ள தண்ணீர் குடலுக்குள் இறங்கும், வயிற்றோட்டம் கூடும். இதைச் செறிவு, மென்சவ்வு என்று விளக்கினால் யாருக்குப் புரியும்? பாணிக்குள் விட்ட முட்டை கதையைச் சொல்கிறேன். பிள்ளைதான் முட்டை என்றால் அம்மா உடனே தலையாட்டுகிறார்.

அந்தத் தூளுக்குப் பின்னாலும் ஒரு பெரிய கதை. 1971இல் பங்களாதேஷ் போரின்போது, மேற்கு வங்காளத்தில் பொங்காவ் அகதி முகாமில் கொலரா. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டொக்டர் திலீப் மகலநோபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடாவும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, தாய்மாரையும் உறவினரையும் கொண்டே நோயாளிகளுக்குப் பருக்க வைத்தார். இறப்பு வீதம் சுமார் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. குடற்கலம் குளுக்கோசையும் சோடியத்தையும் சோடியாகத்தான் உள்ளே எடுக்கும். அவை உள்ளே போனால் தண்ணீர் பின்னால் போகும். 2002இல் உலக சுகாதார நிறுவனம் இந்தக் கரைசலின் பிரசாரணச் செறிவை 311இலிருந்து 245ஆகக் குறைத்தது. கொஞ்சம் ஐதாக்கினால் தண்ணீர் இன்னும் நன்றாக உறிஞ்சப்படுகிறது. தண்ணியைப் பார்த்தவர்கள் செய்த வேலை.

தங்கையின் மகன் வெள்ளவத்தையில் ரியூசனுக்குப் போகிறான். கெட்டிக்காரன். கிழங்குக் கேள்விக்குச் சொல்ல வேண்டிய நாலு புள்ளி விடையும் நாக்கு நுனியில். கடந்தகால வினாத்தாள்கள் அத்தனையும் செய்திருக்கிறான். அவித்த கிழங்கைக் கேட்டேன். "அது வராது பெரியம்மா" என்றான். ரியூசன் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அறை நிறையப் பிள்ளைகள், ஒன்றரை மணித்தியாலம், தலைக்கு மேலே சோதனை. கிழங்கு வெட்ட நேரம் ஏது? ஆனால் பாடசாலைக்கு நேரம் இருக்கிறது, இருக்க வேண்டும். மானிப்பாயில் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த நாடு இது. நம்மிடம் இல்லாதது மொழியும் இல்லை, கிழங்கும் இல்லை. வரைவிலக்கணம் கரும்பலகைக்கு ஏற முன்னர் பிள்ளை ஒரு தடவையாவது "இப்படித்தான் நடக்கும்" என்று எழுதிக் கொடுத்து, நடந்ததைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தை எங்கள் பாடசாலைகள் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.

குடை விளையாட்டு முடிந்த அன்று ஒருவன் கேட்டது நினைவிருக்கிறதா? "ரீச்சர், தண்ணியைத் திருப்பி இந்தப் பக்கம் அனுப்பேலாதா?" "தள்ளினா வரும். எவ்வளவு பலமாத் தள்ள வேணும் எண்டு யோசி" என்றீர்கள். கடல்நீரின் பிரசாரண அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஏறக்குறைய 27 மடங்கு. அதற்கும் மேலாகத் தள்ளினால் உப்பு பின்தங்க, நல்ல தண்ணீர் இந்தப் பக்கம் வரும். 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கில், தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் செய்வது அதைத்தான், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் என்ற அளவுக்கு. அந்தக் கேள்வியைக் கேட்டவன் இப்போது கனடாவில். செய்தியை அனுப்பினேன். "ரீச்சருக்குச் சொன்னியா?" என்று ஒரு வரி பதில் வந்தது. இப்போது சொல்லிவிட்டேன்.

உங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளத்தைத் தாண்டினால் மணலில் அடம்பன் கொடி படர்ந்திருக்குமே, உப்புக் காற்றிலும் பச்சையாக. கத்தரிக் கன்று பிழைக்காத இடத்தில் அது எப்படிப் பிழைக்கிறது என்று நீங்கள் கேட்டு, விடை சொல்லாமலே அந்தத் தவணை முடிந்துவிட்டது. தன் கலங்களுக்குள்ளேயே கரையங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெளி உப்புக்கு ஈடுகொடுக்கிறது என்பது என் விடை. திருத்திப் புள்ளி போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி,
கொழும்பு 13.

பி.கு.: செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: கடையில் விற்கும் சாதாரண வினாகிரி போதும், தென்னை வினாகிரிதான் வேண்டும் என்றில்லை. முட்டை முழுக்க அமிழ வேண்டும். ஒரு நாள் கழித்து வினாகிரியை மாற்றினால் கோது முழுக்கக் கழன்றுவிடும். மிச்சக் கோதை நகத்தால் சுரண்ட வேண்டாம், மென்சவ்வு கிழியும். கித்துள் பாணி விலை கூடினால் சீனியைத் தடிப்பாகக் கரைத்துப் பாகாக்கிக்கொள்ளலாம். அது ஆறிய பிறகே முட்டையை விடவும். பச்சை முட்டை என்பதால் தொட்ட கையைப் பிள்ளைகள் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்.